வைகை இன்னைக்கு எவ்வளவு?

ஆட்டிசம் உள்ள பிள்ளை என்றால் அதற்குள் ஏதாவது ஓர் அபாரத் திறமை ஒளிந்திருக்கும் என்று நம் ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தி, ரேஷன் கடை வரிசை, பஸ்ஸில் பக்கத்து சீட்டு என்று எங்கே பேச்சு வந்தாலும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும். "சாமி ஒண்ணைக் கொறைச்சா இன்னொண்ணைக் கூடக் குடுத்திருக்கும்லத்தா? உன் மகனுக்கு என்ன, கணக்கா, பாட்டா?" என் மகனுக்குப் பதினாறு வயது. பாட மாட்டான், வரைய மாட்டான், கணக்கு சுமாருக்கும் கீழே. அவனுக்குப் பிடித்தது அணைகளின் நீர்மட்டம். இதைச் சொன்னதும் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, "அப்ப பத்து வருசத்துக்கு முந்தி எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டாலும் சொல்லிருவானா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். சொல்ல மாட்டான். போன வாரத்துக் கணக்கே அவனுக்கு ஞாபகம் இருக்காது. அவனுக்கு வேண்டியது இன்றைக்கு எவ்வளவு, அவ்வளவுதான். கேட்டவர்கள் முகம் சப்பென்று ஆகிவிடும், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும்.

இதை ஆரம்பித்து வைத்தவர் என் மாமனார். சோழவந்தான் பக்கம் கொஞ்சம் நெல் வயல் வைத்திருந்தார், வயதான பிறகு விற்றுவிட்டு எங்களோடு மதுரை திருநகர் வீட்டுக்கு வந்துவிட்டார். வயல் போனாலும் பேப்பரைப் பிரித்ததும் முதலில் அணை நிலவரம் பார்க்கிற பழக்கம் போகவில்லை. உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வருமே, முல்லைப் பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை என்று வரிசையாக, அதை வாய்விட்டுப் படிப்பார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றைத் திருகிக்கொண்டே இருப்பான் இவன். அப்போதெல்லாம் இவன் பேச்சு முக்கால்வாசி எதிரொலிதான். "சாப்பிடுறியா?" என்றால் "சாப்பிடுறியா" என்பான். ஒரு நாள் மாமா கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் இருந்தார், பேப்பர் மடித்தபடி கிடந்தது. இவன் தானே எடுத்துப் பிரித்து, அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, விரல் வைத்து, "வைகை, வரத்து, வெளியேற்றம்" என்று எண்களோடு படித்துக் காட்டினான். படித்துவிட்டு மாமாவைப் பார்த்து, "கூடியிருக்கு" என்றான். யாரும் சொல்லிக் கொடுத்த சொல் இல்லை, யாருடைய பேச்சின் எதிரொலியும் இல்லை. மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டார், டாக்டர் கழற்றவே கூடாது என்று சொல்லியிருந்தும்.

அன்றிலிருந்து அவர்கள் ரெண்டு பேருக்கும் இது தினசரி வேலை. வைகைக்கு முழுக் கொள்ளளவு 71 அடி. மழைக்காலத்தில் 66 அடி தொட்டால் கரையோரத்துக்கு முதல் எச்சரிக்கை, 68.5 வந்தால் இரண்டாவது, 69 வந்தால் மூன்றாவது, அப்புறம் வருகிற தண்ணீரை அப்படியே ஆற்றில் விட்டுவிடுவார்கள். தேனியில் தொடங்கி ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்துக்கு எச்சரிக்கை போகும். எங்கள் வீட்டுக்கு அது தீபாவளி மாதிரி. பெரியாறு விஷயத்தில் மட்டும் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒத்துப்போகாது. 1895-ல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 152 அடி. பலம் பற்றிச் சந்தேகம் கிளம்பியதில் 1979-க்குப் பிறகு 136-க்கு இறக்கினார்கள், 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கிக்கொள்ளச் சொன்னது. பேப்பரில் அடைப்புக்குறிக்குள் 142 என்றுதான் போட்டிருக்கும். மாமா, "எழுதுறவனுக்கு என்ன தெரியும், அது நூத்தி அம்பத்திரெண்டுடா" என்பார். இவன் "நூத்தி நாப்பத்திரெண்டு" என்பான். அவர் மறுபடி சொல்வார், இவன் மறுபடி சொல்வான், சமையலறையில் நான் தாளித்து இறக்குகிற வரைக்கும் இது ஓடும். ரெண்டு பேர் சொல்வதும் சரி என்று ஒரு முறை நடுவில் போய்ச் சொன்னேன். ரெண்டு பேருமே என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியேற்றம் என்ற கட்டத்தில் பல நாட்கள் 69 கன அடி என்று இருக்கும். மதுரைக் குடிநீருக்காகத் திறப்பது அது. ஒரு கன அடி என்றால் வினாடிக்கு 28 லிட்டர் சொச்சம். இதை அவனுக்குப் புரிய வைக்க நான் பாத்ரூமில் ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு பட்ட பாடு தனிக் கதை. இப்போது குழாயில் தண்ணீர் வராத நாளில் தெருவே கவுன்சிலரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது இவன் வாசலில் நின்று "அறுபத்தொம்பது திறந்திருக்கு" என்று சத்தமாகச் சொல்வான். எதிர்வீட்டு அக்கா, "அப்புறம் ஏன்டா வரல?" என்று நிஜமாகவே இவனிடம் கேட்பார். அதற்கு இவனிடம் பதில் கிடையாது, ஆனால் அப்படி ஒருத்தர் கேட்பது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில் இந்த அணைப் பேச்சைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரே விஷயத்தில் சிக்கிக்கொள்கிறான், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் என்று அளந்து கொடுங்கள், சொன்ன வேலையை முடித்தால்தான் பேப்பர் என்று வையுங்கள் என்றார்கள். இன்னொருவர் நேர்மாறாக, இதையே பிடித்துக்கொண்டு கூட்டல் கழித்தல், புவியியல், பொதுஅறிவு எல்லாம் ஏற்றிவிடலாம் என்று ஓர் அட்டவணையே போட்டுக் கொடுத்தார். ரெண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். ரெண்டையும் செய்யவில்லை. அவர்கள் படித்தவர்கள், நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், பல் துலக்குவதிலிருந்து சில்லறை வாங்குவது வரை அவர்கள் கற்றுத் தந்தது ஏராளம், அதை மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதை யாரும் வேலையை முடித்தால்தான் என்று பூட்டி வைப்பதில்லை. என் நாத்தனார் சீரியல் பார்ப்பதை வைத்து அவருக்கு யாரும் கணக்குப் பாடம் நடத்துவதில்லை. இந்தப் பிள்ளைகள் எதைத் தொட்டாலும் அது நோயின் அறிகுறியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிகிச்சைக்குக் கருவியாக வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் டிவியில் காட்டுகிற அளவுக்குத் திறமையாக வேண்டும். சும்மா பிடித்திருக்கிறது என்பதற்கு இடமே கிடையாதா?

இப்போது அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். மீசை வந்துவிட்டது. குரல் உடைந்து, அவன் போடுகிற சத்தத்தில் ஒரு ஆம்பளைத்தனம் வந்துவிட்டது. எட்டு வயதில் பஸ்ஸில் கையை உதறிக்கொண்டு குதித்தபோது கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போன அதே ஊர்தான், இன்றைக்கு அதே கையை அதே மாதிரி உதறினால் பெண்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தெரியாத ஒரு வளர்ந்த பையன் பக்கத்தில் ஆடிக்கொண்டே உறுமினால் நானும் நகர்ந்து உட்காரத்தான் செய்வேன். அதனால் பஸ் ஏறியதுமே நானே சொல்லிவிடுகிறேன். "தம்பிக்கு ஆட்டிசம். சத்தம் போடுவான், யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான்." இதைக் குரலை இறக்கிச் சொன்னால் பரிதாபம் வரும், சத்தமாகச் சொன்னால் இடம் வரும். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் போகிற பஸ் கண்டக்டர்கள் சிலருக்கு இப்போது பழகிவிட்டது. "வாடா மாப்ள, வைகை எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் விசில் கொடுப்பார் ஒருவர்.

கழிப்பறைதான் பெரிய தலைவலி. பத்து வயது வரை பெண்கள் பக்கம் கூட்டிப்போனேன். இப்போது முடியுமா? ஆண்கள் பக்கம் தனியாக அனுப்பினால் உள்ளே யார் இருக்கிறார்கள், இவன் பேன்ட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு வருவானா என்று ஆயிரம் யோசனை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வாசலிலேயே நின்றுகொண்டு "டேய், இருக்கியா?" என்று கத்துவேன், உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும், வராவிட்டால் யாரையாவது, பார்த்தால் நல்ல மனுஷராகத் தெரிகிறவரை, எட்டிப் பார்க்கச் சொல்வேன். உடை மாற்றும்போது கதவைச் சாத்துவது, தன் உடம்பை யார் தொடலாம் யார் தொடக்கூடாது, அவன் யாரைத் தொடக்கூடாது என்பதெல்லாம் படம் வரைந்து கதவில் ஒட்டி, தினமும் சொல்லிச் சொல்லி இப்போது ஓரளவு பதிந்திருக்கிறது. இதையெல்லாம் வயதுக்கு வந்த பிறகு ஆரம்பித்தால் தாமதம், ஒன்பது பத்திலேயே தொடங்கிவிட வேண்டும். வலிப்பு இந்த வயதில் எட்டிப் பார்க்கிற வாய்ப்பு ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்காகவே வீட்டில் ஒன்பதரைக்கு டிவி அணைந்துவிடும். மாமாவுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

சவரம் பற்றி எழுதாமல் விட முடியாது. ட்ரிம்மர் சத்தம் அவனுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு கீழே விழுந்துவிடுவான். சலூனில் பாட்டு, டிவி, பவுடர் வாசனை, முகத்தில் பீய்ச்சுகிற தண்ணீர், எதிரும் புதிருமாகக் கண்ணாடி, எல்லாமே அதிகம். அவன் அப்பா வீட்டிலேயே செய்துவிடப் பார்த்தார், ரெண்டு பேருக்கும் முகம் சிவந்ததுதான் மிச்சம். பிறகு தெருக்கோடியில் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர், மேலூர்க்காரர், செவ்வாய்க்கிழமை கடை லீவு நாளில் வீட்டுக்கு வந்து செய்கிறேன் என்றார். முதல் தடவை வந்தவர் பையைத் திறக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். இவன் வழக்கம்போல வந்து நின்று வைகை அளவைச் சொன்னான். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "அப்ப இந்த வருசம் எங்களுக்குத் தண்ணி உண்டா தம்பி?" என்று கேட்டார்.

அவர் அவனைச் சமாதானப்படுத்தக் கேட்கவில்லை. மேலூரில் அவர் தம்பி நெல் போடுகிறார். பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர், தண்ணீர் இருந்தால் அங்கே ஜூனிலேயே திறந்துவிடுவார்கள். அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம், திருமங்கலம் பக்கத்தையும் சேர்த்தால் ஒரு லட்சத்து ஐயாயிரம் ஏக்கர், அவர்கள் செப்டம்பர் வரை அணையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், கடைமடை வேறு. அதனால் பெரியாறிலும் வைகையிலும் சேர்த்து எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கும் அன்றாடக் கவலை. என் மகனுக்கு இதெல்லாம் எவ்வளவு புரிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தன் எண்ணைக் கேட்டு ஒருத்தர் முகம் மாறுவதை அவன் கவனித்தான். பேப்பரை எடுத்து வந்து பெரியாறு எவ்வளவு என்றும் காட்டினான். அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணன் கேட்கும் முன்பே வாசலில் நின்று சொன்னான். அந்தப் பேச்சு ஓடும்போதே ஒரு துணியை வெந்நீரில் நனைத்து அவன் கையிலேயே கொடுத்து முகத்தில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார். ட்ரிம்மர் இல்லை, ஸ்பிரே இல்லை, கிண்ணத்தில் குழைத்த சோப்பு, பிரஷ்ஷை முதலில் மாமா கன்னத்தில் வைத்துக் காட்டிவிட்டு அப்புறம் இவனுக்கு. கத்தியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நிறுத்தி, துடைத்து, அவன் பார்க்கும்படி காட்டிவிட்டு மறு இழுப்பு. அவசரமே இல்லை. மேலுதடு வந்தபோது இவன் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தான், ஒரு கை அண்ணன் சட்டையைப் பிடித்திருந்தது. முடிந்ததும் "இன்னும் கூடணும்" என்றான். அண்ணன், "ஆமாப்பா, இன்னும் கூடணும்" என்றார். அவர்கள் பேசியது அணையைப் பற்றித்தான்.

படிப்பு என்று வந்தால் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், எழுத ஆரம்பித்தால் கோபம் வரும். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளியில் இருந்தான், ஒன்பதாவதில் அவர்களுக்கு பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஞாபகம் வந்துவிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது, அதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம், போட்டு ஜெயித்து அவனை விரும்பாத வகுப்பறையில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. இப்போது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்திருக்கிறோம், ஐந்து பாடத்தை ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். பகலில் தொழிற்பயிற்சி. கவர் ஒட்டுகிறான், பாக்கெட் போட்டு எடை பார்க்கிறான். தராசில் எண் ஓடுவதால் எடை பார்க்கிற வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக ஆட்டிசம் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள், அதில் மொத்தம் 40 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். கடைசி விஷயம் என்ன தெரியுமா? பிள்ளைக்கு அபாரத் திறமை ஏதாவது உண்டா என்பதுதான். ரேஷன் கடை வரிசையில் கேட்ட அதே கேள்வி, அரசாங்கத் தாளில். நான் இல்லை என்றேன். இன்னும் ரெண்டு வருஷத்தில் பதினெட்டு ஆகிவிடும், அதற்கப்புறம் பெற்றவர்கள் என்பதால் மட்டும் நாங்கள் சட்டப்படி அவனுக்குப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டோம், 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்து வாங்க வேண்டும். வளர்ந்த பிள்ளை வைத்திருக்கிற பல பேருக்கு இது தெரிவதில்லை, பேங்கில் கையெழுத்துப் பிரச்சினை வந்த பிறகுதான் ஓடுகிறார்கள். அதே டிரஸ்ட்டின் நிரமயா இன்ஷூரன்ஸில் ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது, பயிற்சிக் கட்டணத்துக்கும் ஒரு பகுதி கிடைக்கும். காகித வேலையெல்லாம் ஒரு பச்சை ஃபைலில் இருக்கிறது, வீட்டில் தீப்பிடித்தால் முதலில் அதைத்தான் எடுப்பேன்.

எனக்கும் ஒரு கிறுக்கு உண்டு. பாறையில் எழுத்துத் தேடுவது. மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு சமணர் குன்று இருக்கும், கீழக்குயில்குடி, யானைமலை, அரிட்டாபட்டி, கொங்கர்புளியங்குளம், கீழவளவு, மாங்குளம். ஸ்கூல் டூரில் ஒரு தடவை கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போனார்கள், அப்போது பிடித்தது. கல்யாணம், பிள்ளை, பயிற்சி, ஆஸ்பத்திரி என்று நடுவில் எல்லாம் விட்டுப்போயிருந்தது. கொரோனா காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்து இவன் சுவரில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தபோது, ஆள் நடமாட்டமில்லாத இடமாக எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று யோசித்தேன், ஊரடங்கு தளர்ந்ததும் ஸ்கூட்டியில் நாகமலை வழியாகக் கீழக்குயில்குடிக்குப் போனோம். அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். படி ஏறினால் செட்டிப்புடவு, பாறையில் பெரிய மகாவீரர், குகைக்குள் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து யானையோடு சண்டை போடுகிற இயக்கி, சமணர்களின் பெண் தெய்வம். இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், கீழே வட்டெழுத்து. இவனுக்குச் சிற்பத்தில் ஒரு ஆர்வமும் இல்லை. காற்றும், வழுவழுப்பான பாறையும், ஆள் இல்லாததும் பிடித்திருந்தது. பாறையில் முழங்கையை ஊன்றிப் படுத்துக்கொண்டு அவனுக்கான சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யவில்லை. கல்யாணமான தம்பதிகளுக்கே அது கஷ்டம்.

அப்புறம் ஃபோனில் எழுத்து வரிசையைச் சேமித்து வைத்துத் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன். தட்டுத் தடுமாறித்தான் படிப்பேன், க-வும் த-வும் இன்னும் குழப்பும். மாங்குளம் பக்கத்து மீனாட்சிபுரம் மலையில் 1882-ல் ராபர்ட் சீவல் கண்டுபிடித்த எழுத்துகள் இருக்கின்றன, கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் காலம் சொல்லியிருக்கிறார். நெடுஞ்செழியன் பெயர் அதில் வருகிறது, அவனுடைய பணியாள் கடலன் வழுதி என்பவன் கணி நந்தன் என்ற துறவிக்குக் குகைப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி. சங்கப் பாட்டில் வருகிற பெயரை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒருத்தன் உளி வைத்துக் கொத்தியிருக்கிறான், அதை நாம் விரலால் தடவாமல் நின்று பார்க்கலாம் என்பது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம். "இதெல்லாம் படிச்சு என்னம்மா செய்யப் போற?" என்று என் அம்மா கேட்கிறார். ஒன்றும் செய்யப் போவதில்லை. "உனக்கும் ஒரு மாத்து வேணும்ல, அவனைப் பாத்துக்கத் தெம்பு வரும்" என்று சிலர் பெரிய மனதோடு அனுமதி தருகிறார்கள். அதற்காகவும் போகவில்லை. அவனைப் பெறுவதற்கு முன்பே எனக்குப் பிடித்தது அது.

பதிலுக்கு நான் அவனோடு வைகை அணைக்குப் போக வேண்டியிருந்தது, நியாயம்தானே. மதுரை போடி ரயில் பாதை அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் மூடியது, 2022-ல் தேனி வரைக்கும் 2023-ல் போடி வரைக்கும் திரும்ப ஓட ஆரம்பித்தது. அதில் ஆண்டிபட்டியில் இறங்கினால் அணைக்கு ஆட்டோவில் போய்விடலாம். 1959-ல் திறந்த அணை, ரெண்டு கரையிலும் பூங்கா, நடுவில் சின்னப் பாலம். கூட்டம் எல்லாம் ஊஞ்சலுக்கும் ஐஸ் கடைக்கும் போக, இவன் மேலே ஏறி அவ்வளவு தண்ணீரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு "எங்க?" என்றான். எனக்கு முதலில் புரியவில்லை. எண் எங்கே என்று கேட்கிறான். அணை என்றால் அவனைப் பொறுத்தவரை தண்ணீர் அல்ல. அங்கே நின்ற ஊழியர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன், அவர் யோசிக்காமல் அன்றைய அளவைச் சொன்னார். காலையில் பேப்பரில் படித்ததைவிட அது கொஞ்சம் குறைவு. போச்சு. "பேப்பர் தப்பு, பேப்பர் தப்பு" என்று தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டான், சுற்றிலும் ஆள் கூடிவிட்டது, யாரோ எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டார்கள். மாமாவுக்கு ஃபோன் போட்டு அவன் காதில் வைத்தேன். பேப்பரில் வருவது முந்தின நாள் காலை அளவுடா, அச்சடிக்க ஒரு ராத்திரி வேண்டாமா, நேத்து சரி, இன்னைக்கும் சரி என்று அவர் நிதானமாகச் சொல்ல, இவன் கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான். ரயிலில் திரும்பி வரும்போது உசிலம்பட்டி தாண்டியும் "நேத்து சரி, இன்னைக்கும் சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தான். எதிர்சீட்டு ஆயா, "என்னமோ பெரிய தத்துவம் சொல்றான்" என்றார். இல்லை ஆயா, நீர்மட்டம் சொல்றான் என்றேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் எங்களால் போக முடிவதில்லை. அந்தக் கூட்டமும், பீய்ச்சுகிற தண்ணீரும், மைக் செட்டும் அவனுக்குத் தாங்காது. அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும், சத்தத்தை அணைத்துவிட்டு டிவியில் பார்ப்போம். திருப்பரங்குன்றத்துத் திருவிழா ஒலிபெருக்கி வீடு வரைக்கும் கேட்கும், அதற்குக் காதில் மாட்டுகிற சத்தத் தடுப்பான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், "தம்பி விமானத்துல வேலையா?" என்பார்கள். கேட்கட்டும். "கடவுளின் குழந்தை" என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல்.

ஞாயிற்றுக்கிழமை இப்போது ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு என்று முறை வைத்திருக்கிறோம். அவன் முறை என்றால் ஆற்றுப் பாலத்தில் நின்று தண்ணீர் பார்ப்போம், இல்லாவிட்டால் வைகையின் குறுக்கே இருக்கிற பேரணை. வருகிற வாரம் என் முறை, மாங்குளம். கட்டிச்சோறு அவனுக்குத் தனி, புளியோதரையில் கடலை இருக்கக் கூடாது, இட்லிக்குச் சட்னி தொடக் கூடாது. தண்ணீர் பாட்டில், தடுப்பான், ஒரு மாற்று டீஷர்ட். அவனும் சம்மதித்துவிட்டான், பேப்பர் பார்க்காமல் வண்டியில் ஏற மாட்டேன் என்பது மட்டும்தான் நிபந்தனை. வெயில் ஏறுவதற்குள் மலைக்குப் போக வேண்டுமென்றால் ஆறரைக்குக் கிளம்பியாக வேண்டும், பேப்பர் போடுகிற பையனோ ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு முன் எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை, அவனிடம் சனிக்கிழமை சாயங்காலமே பேசி வைக்க வேண்டும்.